பாட்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு

பழைய ஸ்பூல்களையும் (ரீல் என்றும் சொல்வார்கள், திறந்த வட்டில் சுற்றிய டேப்) கேசட்டுகளையும் கணினிக்கு மாற்றித் தருவது என் தொழில். டேப்போடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றுதான்: "பாட்டை மட்டும் எடுத்துக் கொடுங்க சார், நடுவுல பேசறதெல்லாம் வேண்டாம்." சுருதி சேர்க்கிற நேரம், காபி டம்ளர் வைக்கிற சத்தம், "அந்தச் சரணத்தை இன்னொரு தரம்" என்று யாரோ கெஞ்சுவது எல்லாம் அவர்களுக்கு வேண்டாத சமாச்சாரம். அவர்களிடம் நான் லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றிச் சொல்வதுண்டு. ஜாஸ் கேட்டே பழக்கமில்லாதவருக்கும் அந்தக் கதை பிடித்துவிடுகிறது.

ஆம்ஸ்ட்ராங் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ட்ரம்பெட் கலைஞர். ஜாஸ் என்றதும் முதலில் நினைவுக்கு வருகிற கரகரத்த குரல் அவருடையதுதான். 1943-ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், கொரோனா என்ற பேட்டையில் (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்த ஊர் வெகு பழையது) அவர் மனைவி லூசில் ஒரு வீடு வாங்கினார். உழைக்கும் மக்கள் வாழ்கிற சாதாரணத் தெரு. உலகம் முழுக்கக் கச்சேரி செய்து சம்பாதித்த பிறகும் ஆம்ஸ்ட்ராங் அங்கிருந்து நகரவில்லை. 1971 ஜூலையில் அந்த வீட்டிலேயே இறந்தார்.

1950 முடிகிற வாக்கில் அவர் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். அதன்பின் கடைசிவரை பதிவு செய்வதை நிறுத்தவே இல்லை. சுற்றுப்பயணம் போனால் டிரங்குப் பெட்டியில் மெஷினும் கூடவே போகும். ஹோட்டல் அறை, மேடைக்குப் பின்னாலிருக்கும் ஒப்பனை அறை, வீட்டுக்கூடம் என்று எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் டேப் சுற்றிக்கொண்டிருந்தது. இப்படிச் சேர்ந்தவை 650-க்கும் மேற்பட்ட ரீல்கள்.

அவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எல்லாமே இருக்கிறது. நண்பர்கள் வந்து அடிக்கிற அரட்டை. சபையில் சொல்ல முடியாத ஜோக்குகள், அதுவும் ஏராளமாக. தன் குரு கிங் ஆலிவரைப் பற்றிய பழங்கதைகள். பழைய இசைத்தட்டைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து ட்ரம்பெட் ஊதுவது. மனைவியோடு நடக்கிற வாக்குவாதங்கள்கூடப் பதிவாகியிருக்கின்றன. பெரும்பகுதி என்னவோ இசைத்தட்டுகளையும் வானொலியையும் டேப்பில் நகல் எடுத்ததுதான். கடைசி ஆண்டுகளில் உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்தபோது அந்த நகல் வேலை இன்னும் அதிகமானது. ரீல்களுக்குப் புதிதாக எண் போட்டு, எந்த ரீலில் என்ன இருக்கிறது என்று தன் கையாலேயே பட்டியலும் எழுதி வைத்தார்.

இப்போது அந்த ரீல்களை யாராவது என்னிடம் கொண்டுவந்து, பாட்டை மட்டும் எடுங்கள் என்று சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பெரும்பாலும் கடையில் விற்ற இசைத்தட்டுகளின் சுமாரான நகல்கள். அந்தத் தட்டுகளின் நல்ல பிரதிகள் எத்தனையோ இடங்களில் உண்டு. வேறெங்கும் கிடைக்காதது நடுநடுவே வருகிற பேச்சுதான். வெட்டிப் போட்டிருந்தால் போயிருக்கக்கூடியதும் அதுதான்.

அந்தப் பேச்சு வெறும் அரட்டைதானே என்றும் ஒதுக்க முடியாது. மேடையில் ஆம்ஸ்ட்ராங் எப்போதும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். வெள்ளைக்காரர்களைக் குஷிப்படுத்துகிறார் என்று கறுப்பினத்தின் அடுத்த தலைமுறைக் கலைஞர்களில் சிலர் அவரை வெளிப்படையாகவே சாடினார்கள். 1957-ல் லிட்டில் ராக் நகரத்துப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடாமல் தடுத்தபோது, அவர் ஒரு நிருபரிடம் அமெரிக்க அரசாங்கத்தையே காய்ச்சி எடுத்தார். பலருக்கு அது அதிர்ச்சி. இவர் எப்போது இப்படி மாறினார் என்று கேட்டார்கள். அவர் மாறவில்லை. தான் பட்ட நிறவெறி அவமானங்களை நண்பர்களிடம் கெட்ட வார்த்தைகளோடு, அடக்கமில்லாத கோபத்தோடு சொல்வது அவருடைய தனி டேப்புகளில் இருக்கிறது. மேடையில் பார்த்த ஆளை மட்டும் வைத்து எழுதிய வரலாற்றை இந்த ரீல்கள் திருத்தி எழுத வைத்தன. 2022-ல் வந்த ஓர் ஆவணப்படம் இந்தக் குரலை நிறையவே பயன்படுத்திக்கொண்டது.

டேப் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரிகைப் படங்களையும் புகைப்படங்களையும் தந்திகளையும் கத்தரித்து, ஏறக்குறைய 500 பெட்டிகளின் அட்டையில் அவர் ஒட்டி வைத்திருக்கிறார். ஒட்டுவதற்கு சாதாரண செல்லோ டேப். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த செல்லோ டேப் பெரிய தலைவலி, காலப்போக்கில் பழுத்துப் பசை கசிந்து கீழேயுள்ள தாளையும் கறையாக்கிவிடும். ஆனாலும் ரீல் அளவுக்கு அந்த அட்டைகளும் இன்று மதிப்புள்ளவை. நம் வாடிக்கையாளர்களோ பெட்டியை வீட்டிலேயே போட்டுவிட்டு ஸ்பூலை மட்டும் பாலிதீன் பையில் கொண்டுவருகிறார்கள். பெட்டி முதுகில் தாத்தா பென்சிலால் கிறுக்கிய தேதியும் ஊரும்தான் அந்தப் பதிவுக்குப் பல சமயம் ஒரே அடையாளம். எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாமல் இருக்கலாம், பழைய டேப்பின் மேலேயே புதிதாகப் பதிவு செய்வது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். இருந்தாலும் பெட்டியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

லூசில் 1983-ல் இறந்தார். அதுவரை ரீல்கள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அவர் சலித்துப்போய்ப் பழைய சாமான்காரரைக் கூப்பிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். குவீன்ஸ் கல்லூரியில் ஆவணக் காப்பகம் 1994-ல் திறந்தது, வீடு 2003-ல் அருங்காட்சியகமானது. இப்போது வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு அவரே பதிவு செய்த ஒலித் துண்டுகளைப் போட்டுக் காட்டுகிறார்கள். ரீல்கள் முழுக்க டிஜிட்டலாகிவிட்டன.

இதே காலத்து இன்னொரு தொகுப்பும் நியூயார்க்கிலேயே உண்டு. ஆறாவது அவென்யூவில் 821-ஆம் எண் கட்டடம், பூ வியாபாரிகள் நிறைந்த பகுதி. அங்கே குடியிருந்த புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித் தரையைத் துளைத்து மாடிக்கு மாடி மைக் வயர் இழுத்துவிட்டார். 1957 முதல் 1965 வரை 1,740 ரீல்கள், சுமார் 4,000 மணி நேரம். ராத்திரி வேலை முடிந்து வந்து விடிய விடிய வாசிக்கிற ஜாஸ் கலைஞர்கள், 1959 டவுன் ஹால் கச்சேரிக்காகப் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் நண்பர் ஹால் ஓவர்டனோடு சேர்ந்து பாடல்களை அமைப்பது, வானொலிச் செய்தி, தெருச் சத்தம் எல்லாம் அதில் உண்டு. சிக்கல் என்னவென்றால், பேசுவது யார் என்று டேப் சொல்லாது. பின்னாளில் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கட்டடத்துக்கு வந்துபோனவர்களை நூற்றுக்கணக்கில் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் எந்த மெஷினாலும் ஈடுகட்ட முடியாத நஷ்டம் இது. குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், கோப்பு கைக்கு வந்த வாரமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "இது மாம்பலம் சித்தப்பா, பின்னாடி இருமறது எங்க அப்பா" என்று அவர் சொல்வதையும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, பரணில் ஸ்பூல் இருக்கிறது, என்ன செய்வது? முதலில் பழைய மெஷினைத் தூசு தட்டி ஓட்டிப் பார்க்கும் ஆசையை விடுங்கள். மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த டேப், சிதையத் தொடங்கிவிட்டது. மற்ற டேப்புகளிலிருந்து தனியாக வைத்துவிட்டு அதை முதலில் மாற்றக் கொடுங்கள். வாடை இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றிய டேப்பின் ஊடாக வெளிச்சம் தெரிந்தால் அசிடேட், தெரியாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர். எழுபது, எண்பதுகளில் வந்த சில பாலியெஸ்டர் டேப்புகளில் பூச்சு பிசுபிசுத்து, டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கிற ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அதை அளவான சூட்டில் பல மணி நேரம் வைத்துச் சரிசெய்யலாம் என்பது உண்மைதான், ஆனால் சமையலறை ஓவனில் செய்கிற வேலை இல்லை. அசிடேட் டேப்பை எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்கக் கூடாது.

ஏழு அங்குல ஸ்பூலில் வழக்கமான கனமுள்ள டேப் என்றால் 1,200 அடி இருக்கும். வீட்டில் பெரும்பாலும் டேப்பை மிச்சம் பிடிக்க வினாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஓட்டினார்கள், அதில் ஒரு பக்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். இரண்டு பக்கமும் பதிவான டேப்பைப் பொருந்தாத ஹெட்டில் ஓட்டினால், பாட்டுக்கு அடியில் யாரோ தலைகீழாகப் பேசுவது கேட்கும். பேய் இல்லை, மறுபக்கம்தான். மாற்றித் தருபவரிடம் என்ன ஹெட் வைத்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக (ஒலியைச் சுருக்காமல் வைக்கிற வகை), வெட்டாமல், இரைச்சல் நீக்காமல் ஒரு பிரதி கட்டாயம் வாங்குங்கள். கேட்பதற்கு இதமாகச் சுத்தம் செய்த பிரதி வேண்டுமானால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஸ்பூலையும் திரும்ப வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

கோப்பு கையில் வந்ததும் யூடியூபில் ஏற்றத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஸ்பூல் உங்களுடையது என்பதால் அதிலுள்ள வாசிப்பு உங்களுடையதாகிவிடாது. அமெரிக்காவில் 1957-க்கும் 1972 பிப்ரவரி 15-க்கும் இடையில் பதிவானவற்றுக்கு 2067 வரை சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்திலும் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனி உரிமை உண்டு. சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வீட்டுக்கூடத்தில் நண்பர்களை நம்பி இன்னொரு வித்வானைப் பற்றி ஒருவர் அடித்த கமெண்ட், ஐம்பது வருஷம் கழித்து அந்த வித்வானின் பேரனுடைய வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தால் நன்றாக இருக்காது. அதற்காக அந்தப் பகுதியை அழிக்கவும் வேண்டாம். முழுக் கோப்பையும் வீட்டில் வைத்துக்கொண்டு, வெளியே எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.