மதியம் வடித்த சோறு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று இரண்டே பேர்தான். எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர். கூடவே தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருவர். ஊருக்கே சமைத்த அடுப்படியில் இப்போது ஒரு ஆழாக்கு அரிசி வேகிறது. மதியம் போக மிஞ்சிய சோற்றை மேடையிலேயே மூடி வைத்துவிட்டு, "ராத்திரி நல்லாச் சுட வச்சுத் தர்றேன் ஆச்சி" என்பார் அந்தப் பெண். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் சோற்றைப் பொறுத்தவரை, சூடு எல்லாவற்றையும் சரிசெய்வதில்லை.

வயல் மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசியோடு வீட்டுக்கு வருகிறது. பிழைக்க வழியில்லாதபோது அது தடித்த ஓட்டுக்குள் ஒடுங்கி வித்தாகிவிடும். உலை கொதித்தாலும் வித்து சாகாது. வடித்த சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது முளைத்துப் பெருகத் தொடங்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், ஒன்று ஒரு மணி நேரத்தில் 8. ஆறு மணி நேரத்தில் 2,62,144. இதில் சில வகைகள் செரியுலைடு என்ற நச்சைச் சோற்றில் சேர்த்துவிடும். இரவில் சுட வைக்கும்போது பாக்டீரியா செத்துப்போகும், நச்சு அப்படியே நிற்கும். 121 டிகிரி செல்சியஸையும் தாங்குவது அது. குக்கரில் வைத்தாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும். மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, சோறு ஊசிப்போகும் முன்பே நச்சு சேர்ந்திருக்கலாம்.

அப்படியென்றால் பழைய சோறு? நம் முன்னோர் அதைத் தண்ணீரில் போட்டது வீண் இல்லை. ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பாக்கும். நன்றாகப் புளித்த நீரில் பேசில்லஸ் சீரியஸ் வளரத் திணறும். ஆனால் சாயங்காலம் வரை சும்மா கிடந்த சோற்றில் நச்சு ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அதைப் புளிப்பும் அழிக்காது. சோறு ஆறியதுமே நல்ல தண்ணீர் ஊற்றியதும், பொழுது சாய்ந்தபின் ஊற்றியதும் ஒன்றல்ல.

5 முதல் 60 டிகிரி வரை நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சுற்றியுள்ள வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் முற்றத்தை ஒட்டிய அடுப்படிக்கு அந்த ஒரு மணிக் கணக்குதான். மிச்சச் சோற்றை அகலத் தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும்; உடனே பிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் ஒரே ஒருமுறை ஆவி பறக்கச் சுட வைக்கலாம். பெரிய பாத்திரத்தில் குவியலாக வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். என்னைக் கேட்டால், ராத்திரிக்கென்று இரண்டு கைப்பிடி அரிசியைப் புதிதாக வடிப்பதே நல்லது.

ஆச்சிக்கு ஏன் இவ்வளவு கவனம்? கிருமியைத் தடுக்கும் முதல் காவல் வயிற்று அமிலம். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் மாத்திரை போடுபவர்களுக்கு அது குறைந்திருக்கும். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. இரண்டு முறை வாந்தி எடுத்தாலே உடலில் நீர் வற்றி, தலைசுற்றி விழ நேரும். ஓ.ஆர்.எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, ஆள் சோர்ந்து குழறினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கூடவே தங்கியிருப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டயப்பர் மாற்றும் அதே கைதான் சோறும் பிசைகிறது. வாந்தி பேதி தரும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடித் தேய்ப்பும் கிருமியைத் தோலிலிருந்து பெயர்த்துக் கழுவிவிடும். கையுறை போட்டிருந்தாலும், கழற்றியபின் கழுவத்தான் வேண்டும். அவ்வளவு கவனமாகக் கழுவிய கையை இடுப்பில் செருகிய முந்தானையில் துடைத்தால், படுக்கையருகே குனிந்தபோது சேலையில் ஒட்டியது மறுபடி கைக்கே வந்துவிடும். அடுப்படியில் கை துடைக்கத் தனியாக ஒரு துண்டு, தினமும் துவைத்து வெயிலில் காய்ந்தது, ஆணியில் தொங்கட்டும்.