பதினொரு மணிக்குத்தான் பாறுகளுக்கு விடியும்

மாட்ரிட்டில் படிக்கும் வாசகி ஒருவர், பக்கத்து செகோவியா மாகாணத்துக்குப் போய் துராத்தோன் ஆற்றில் கயாக் ஓட்டியிருக்கிறார். இருபுறமும் நூறு மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். விளிம்பெங்கும் கிரிஃபான் பாறுகள், நம் ஊர் பிணந்தின்னிக் கழுகுகளின் உறவுக்காரர்கள். “காலை எட்டரைக்கு எல்லாம் குந்திக்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கு வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அவ்வளவு சோம்பலா?” என்று கேட்கிறார்.

சோம்பல் இல்லை, சிக்கனம். எட்டு கிலோ உடம்பைச் சிறகடித்தே தூக்கிச் சுமந்தால், கிடைக்கிற செத்த ஆடு கட்டுப்படியாகாது. அதனால் பாறு வெயிலுக்குக் காத்திருக்கிறது. பாறை சூடேறும், காற்று சூடாகி மேலே போகும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தக் காற்றுத் தூணுக்குள் நுழைந்து வட்டமடித்தால் லிஃப்டில் ஏறுவது மாதிரி. தூணின் நடுவில்தான் வேகம் அதிகம். ஆனால் நடுவிலேயே நிற்க வட்டத்தைச் சுருக்கினால், உடம்பு சாய்ந்து தானே வேகமாக இறங்கும். இந்தப் பேரத்தை நொடிக்கு நொடி முடித்துக்கொண்டே ஏறுகிறது.

எனக்குப் பிடித்த இடம் இறக்கையின் நுனி. இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் கீழ்க்காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே சுருளும். அந்தச் சுழல் பறவையைப் பின்னால் இழுக்கும். பாறு நுனி இறகுகளை விரல்போல விரிக்கிறது. ஒவ்வொரு விரலும் வேறு வேறு உயரத்தில் வளைந்து நிற்பதால், ஒரு பெரிய சுழல் பல குட்டிச் சுழல்களாகப் பிரிந்துவிடுகிறது. இழுவை குறைகிறது. விமான இறக்கை நுனியை மேலே மடக்கிவிட்டிருப்பதும் இந்தக் கணக்கில்தான். அப்புறம் சறுக்கல்: ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 15 மீட்டர் முன்னே போய்விடும்.

ஆற்றின் மேலே சான் ஃப்ரூதோஸ் என்ற புனிதரின் தேவாலயம் இருக்கிறது. புனிதர் கைத்தடியால் கோடு கிழிக்கப் பாறை பிளந்து, துரத்தி வந்த படையைத் தடுத்ததாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஆறு அறுத்த நூறு மீட்டர்தான் பெரிய அதிசயம்.

ஒரு ஆதங்கம். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கொடுத்த மாடு செத்து, அதைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் சாகும். நம் பாறுகளை அப்படித்தான் இழந்தோம். 2006-ல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அதெல்லாம் தெரிந்தும் 2013-ல் ஸ்பெயின் அனுமதித்தது. என்ன சொல்ல!

அடுத்த முறை படகை விட்டுவிட்டு அந்தத் தேவாலயத்துக்கு நடந்து போங்கள். அங்கிருந்து பாறுகளின் முதுகு தெரியும். விரல்களை எண்ணிப் பாருங்கள்.