மூடி எத்தனை மீட்டர் உயரத்தில்?

குளிர்கால மாலையில், காற்று அசையாத நேரமாகப் பார்த்து ஒரு புகைபோக்கியைக் கவனியுங்கள். புகை நேராக மேலே போகும். கொஞ்ச தூரம் போனதும் கண்ணுக்குத் தெரியாத கூரையில் முட்டியதுபோல நின்று, பக்கவாட்டில் பாய் விரித்தாற்போல் பரவும். அன்றிரவு ஊர் எப்படிப்பட்ட காற்றைச் சுவாசிக்கப் போகிறது என்பது பெரும்பாலும் அந்தக் கூரையின், அதாவது புகையை அடைத்துவைக்கும் மூடியின், உயரத்தைப் பொறுத்தது.

பகலில் வெயில் தரையைச் சுடவைக்கிறது, தரை தன்னை ஒட்டிய காற்றைச் சுடவைக்கிறது. சூடான காற்று மேலெழும். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குளிரும்; அப்படிக் குளிர்ந்த பிறகும் சுற்றியுள்ள காற்றைவிடச் சற்று வெப்பமாக இருந்தால் தொடர்ந்து ஏறும், புகையையும் கூடவே தூக்கிச் செல்லும். மேகமற்ற இரவில் கதை மாறுகிறது. தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து வேகமாகக் குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. கீழே குளிர்ந்த கனமான காற்று, மேலே வெப்பமான லேசான காற்று. இதுதான் வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம். ஏறும் புகை இந்த வெப்ப அடுக்கைத் தொட்டதும் மேலே போக வலுவின்றி நின்றுவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 வீடுகள், வீட்டுக்கு 5 கிலோ விறகு, கிலோவுக்கு 5 கிராம் நுண்துகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5 கிலோ துகள். ஊரின் பரப்பு 4 சதுர கிலோமீட்டர். மூடி 50 மீட்டரில் இருந்தால், கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம் சேரும். 1,000 மீட்டரில் இருந்தால் 1.25தான். அதே விறகு, அதே அடுப்பு. வித்தியாசம் 20 மடங்கு. பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு (ஒரு மைக்ரோமீட்டர் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்படாத நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த 24 மணி நேர வரம்பு 15 மைக்ரோகிராம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. மலைச்சரிவில் குளிர்ந்த காற்று தண்ணீர்போல வழிந்து வந்து அடியில் தேங்குகிறது. பக்கச் சுவர்கள் காற்றோட்டத்தை மறிக்கின்றன; காலை வெயிலும் மலையைத் தாண்டித் தாமதமாகத்தான் வரும். மூடி சில நாள் விலகாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பழைய சாட்சிகள் உண்டு: 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் 60க்கும் மேற்பட்டோரும், 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற சிற்றூரில் 20 பேரும் இறந்தனர். இரண்டிலும் நஞ்சைக் கக்கியவை தொழிற்சாலைகள்தான். ஆனால் அவை வழக்கமாகக் கக்கியதையே கக்கின, மூடிதான் புதிது.

அதிகாலைக் காற்று சுத்தமானது என்று நம்பி நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். குளிர்காலத்தில் இரவுப் புகையில் பெரும்பகுதி அப்போது தரையோடு கிடக்கும். வெயில் ஏறிக் காற்று கலக்கத் தொடங்கும்போது, மேலடுக்கில் தங்கியிருந்த புகையும் கீழே இறங்கி, அளவு ஒருமுறை கூடிவிட்டுப் பிறகுதான் குறையும். பிற்பகலே நல்ல நேரம்.

கோடையில் மூடி 1 முதல் 2 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுவதால் புகைத் தொல்லை குறைகிறது. பதிலுக்கு உழுத நிலத்துப் புழுதியும் காட்டுத்தீப் புகையும் வருகின்றன; ஓசோனும் வருகிறது. வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள், கரிம ஆவிகளோடு வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன. இது நகரத்தில் பிறந்து காற்றோடு பயணிக்கும் மாசு. நகரச் சாலையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுகிறது. நாட்டுப்புறத்தில் தின்ன ஆளில்லை. அதனால் நகரத்தைவிட அதன் காற்றுத்திசையில் உள்ள கிராமத்தில் ஓசோன் அதிகமாக இருப்பதுண்டு.

மழை பெய்தால் எல்லாம் கழுவிப் போய்விடும் என்பது பாதி உண்மை. புழுதி போன்ற பெரிய துகளை மழைத்துளி மோதிப் பிடிக்கும். 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையுள்ள புகைத்துகளோ துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு நழுவிவிடும். மழை நாளில் காற்று தெளிவதற்கு, கூடவே வரும் பலத்த காற்றுக்கும் பங்குண்டு.

மூடியை உயர்த்த நம்மால் ஆகாது. அதன் கீழே விடும் புகையைக் குறைக்கலாம். பச்சை விறகின் எடையில் பாதி வரை தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பம் செலவாகி, தீ எரியாமல் புகைகிறது. பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் எரிக்க வேண்டும். மரத்தைப் பொறுத்து 6 முதல் 12 மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகும். இரவு முழுவதும் கனியட்டும் என்று காற்று வழியை அடைத்துவிட்டுத் தூங்குவதுதான் மிக மோசமான பழக்கம்: மூடி மிகத் தாழ்ந்த நேரத்தில் மிக அழுக்கான புகை. வயல் கழிவை எரித்தே ஆக வேண்டும் என்றால் முற்பகலில் தொடங்கி, அந்திக்கு வெகுமுன்பே கங்கு வரை அணைத்துவிட வேண்டும்.

மலிவான காற்றுத்தர மானி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அது துகள் சிதறடிக்கும் ஒளியைத்தான் அளக்கிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீர் குடித்து உப்பும், எண்ணும் சேர்ந்து உப்பும். மூடுபனி காலையில் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், ஈரப்பதத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.