டெபாசிட்: வைப்பா, அச்சாரமா, கைமுதலா?

"வீடு வாங்க டெபாசிட் சேர்த்துக்கிட்டு இருக்கேன்" என்றான் உறவுக்காரத் தம்பி ஒருவன். பக்கத்தில் இருந்த அவனுடைய பெரியப்பா, "நல்லதுப்பா. எத்தனை வருஷத்துக்குப் போட்டிருக்கே? வட்டி என்ன தர்றாங்க?" என்று கேட்டார். வீட்டு விலையில் கடன் போகத் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கைத்தான் அவன் சொன்னான். வங்கியில் போட்டுவைக்கும் பணம் என்று அவர் எடுத்துக்கொண்டார். இப்படி ஒரே சொல் இரண்டு பேருக்கு இரண்டு பொருள் தருவது பேச்சோடு போய்விட்டால் பரவாயில்லை. முதல் வீட்டுக்காகப் பணம் சேர்ப்பவருக்கு அது கணக்கையே குழப்பிவிடும். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

டெபாசிட் ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தாலும் அதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'தே' என்றால் கீழே, 'போனெரே' என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்து 'தேபோசிதும்', அதாவது கீழே வைக்கப்பட்டது. உரோமச் சட்டத்தில் இது ஒரு தனி ஒப்பந்தத்தின் பெயர். என் பொருளை நம்பி உங்களிடம் ஒப்படைக்கிறேன். நீங்கள் கூலி வாங்காமல் காக்கிறீர்கள், எடுத்துப் பயன்படுத்துவதில்லை. நான் கேட்கும்போது அதே பொருளைத் திருப்பித் தருகிறீர்கள். தமிழில் அடைக்கலப் பொருள் என்று சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். ஆக, பிறந்தபோதே இந்தச் சொல்லுக்குள் 'திரும்ப வரும்' என்ற உறுதி இருந்தது.

ஆங்கிலத்தில் அது பல கிளையாகப் பிரிந்தது. வங்கியில் போடும் பணம், வாடகைக்கு வருபவர் பிணையாகக் கொடுக்கும் பணம், தேர்தலில் வேட்பாளர் கட்டும் பணம், ஆற்றின் அடியில் படியும் வண்டல் எல்லாவற்றுக்கும் அதே பெயர். விலை பேசி முடித்தவர் முதலில் கொடுக்கும் பணத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. அதிலிருந்து இன்னும் ஓர் அடி நகர்ந்து, வீட்டு விலையில் வாங்குபவர் தன் சேமிப்பிலிருந்து போடும் மொத்தப் பங்கையும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் டெபாசிட் என்கிறார்கள். அமெரிக்க வழக்கில் அதற்கு டவுன் பேமென்ட் என்று பெயர். கடன் கொடுப்பவர்களில் சிலர் மார்ஜின் என்பார்கள். அதன் இலத்தீன் மூலத்துக்கு விளிம்பு, ஓரம் என்று பொருள். நாம் இவற்றையெல்லாம் வாங்கி, கூடவே அட்வான்ஸையும் சேர்த்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பேசுகிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வைப்பு, வைப்புத்தொகை. வங்கியில் போடும் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. 'போனெரே'வும் வைத்தல், நம்முடையதும் வைத்தல். பழமையும் உண்டு. "அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி" என்கிறது குறள். பொருள் வைப்புழி என்றால் பொருளைச் சேர்த்து வைக்கும் இடம். பசித்தவர் வயிறுதான் செல்வத்துக்குப் பாதுகாப்பான இடம் என்று வள்ளுவர் சொல்லும்போது, பணத்தை ஓரிடத்தில் வைப்பது என்ற வழக்கு அன்றே இயல்பாக இருந்தது தெரிகிறது. சுந்தரர் தேவாரத்தில் இறைவனை "எய்ப்பினில் வைப்பு" என்கிறார். தளர்ந்துபோகும் காலத்துக்கென்று எடுத்துவைத்த செல்வம் அது. வைப்புக்கு நிலம், ஊர் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு என்பதை வீடு வாங்க நினைப்பவர்களுக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.

இருந்தாலும் வீட்டுக்கான டெபாசிட்டை வைப்புத்தொகை என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வைப்பு என்றால் வைத்தவருக்குத் திரும்ப வர வேண்டும். வீட்டு விலையில் போட்ட பணம் பணமாகத் திரும்பாது. அது வீட்டின் ஒரு பங்காக மாறிவிடும். மொழிபெயர்ப்புகளில் "வீடு வாங்க 20 சதவீத வைப்புத்தொகை தேவை" என்று படிக்கிற ஒருவர், வங்கியில் அவ்வளவு பணம் கிடந்தால் போதும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அவர்மேல் தவறே இல்லை.

அடுத்து அச்சாரம். வடமொழியின் 'சத்தியங்காரம்' பிராகிருத வழியில் திரிந்து அச்சாரம் ஆனது. சத்தியம் செய்தல், வாக்கை உறுதிப்படுத்துதல் என்பதுதான் அடிப்பொருள். விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டார், வாங்குபவர் பின்வாங்க மாட்டார் என்பதற்கு அடையாளமாகக் கைமாறும் பணம் இது. தொகை சிறிதாகக்கூட இருக்கலாம், அதன் வேலை வாக்கைக் கட்டிப்போடுவது. வாங்கல் முடிந்தால் அச்சாரம் விலையில் கழிந்துவிடும். வாங்குபவர் மனம் மாறினால் பெரும்பாலும் போய்விடும். எந்தச் சூழ்நிலையில் திரும்பும், எதில் திரும்பாது என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. கையெழுத்துப் போடும்போது 'டெபாசிட் கொடுங்கள்' என்று கேட்டால் அது அச்சாரமா, திருப்பித் தரும் பிணைத்தொகையா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. கடன் உறுதியாகக் கிடைக்கும் முன்பே பெரிய தொகையை அச்சாரமாகக் கொடுத்துவிட்டு, கடனும் கிடைக்காமல் பணமும் திரும்பாமல் தவிப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முன்பணம் என்பது அட்வான்ஸுக்கு நேரான சொல். அட்வான்ஸின் இலத்தீன் வேரிலும் 'முன்' இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் காலத்தை மட்டுமே காட்டுகிறது. சம்பளத்தில் முன்கூட்டி வாங்குவதும் முன்பணம், தச்சருக்கு வேலை தொடங்கும் முன் கொடுப்பதும் முன்பணம். யாருடைய பணம், எதில் பங்காகிறது என்பதை அது சொல்லாது.

அப்புறம் எது பொருந்தும்? மக்கள் பேச்சிலேயே விடை இருக்கிறது. "லோன் போக நாம கையிலிருந்து எவ்வளவு போடணும்?" என்றுதானே கேட்கிறோம். கையிலிருந்து போடும் முதல், அதாவது கைமுதல். புதிதாக உருவாக்கிய சொல் இல்லை; கைவசம் உள்ள சொந்த மூலதனம் என்ற பொருளில் ஏற்கெனவே வழங்கும் சொல்தான். வீட்டுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

'முதல்' என்ற சொல்லின் வளத்தைப் பாருங்கள். தொடக்கம் அதற்கு ஒரு பொருள், மரத்தின் அடி இன்னொரு பொருள், வணிகத்தில் இடும் மூலதனம் வேறொரு பொருள். வட்டி வேறு முதல் வேறு என்று கடன் கணக்கில் பிரிக்கும்போதும் அதே சொல்தான். தொல்காப்பியம் "முதல் எனப்படுவது நிலம்பொழுது இரண்டின் இயல்பு" என்கிறது. அது அகப்பாட்டுக்குச் சொன்ன இலக்கணம். ஆனாலும் நிலத்துக்காகப் பல வருடப் பொழுதைக் கொடுத்துப் பணம் சேர்ப்பவர்களை நினைக்கும்போது அந்த வரி எனக்கு ஞாபகம் வந்துவிடும். குறளோ இன்னும் நேராகவே பேசுகிறது: "முதலிலார்க்கு ஊதியம் இல்லை மதலையாம் சார்பிலார்க்கு இல்லை நிலை." மதலை என்றால் தாங்கும் தூண். மூலதனம் இல்லாதவனுக்கு ஊதியம் இல்லாததுபோல, தூணாகத் தாங்கும் துணை இல்லாதவனுக்கு நிலைபேறு இல்லை என்கிறார்.

இந்தப் பெயரை வைத்துக்கொண்டால் கணக்கும் தெளிவாகும். வீட்டின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கடன் 80, கைமுதல் 20. வாங்கிய பிறகு விலை 10 சதவீதம் இறங்கினால் வீடு 90 ஆகிறது. கடன் அப்படியே 80, உங்கள் பங்கு 10. விலை பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு உங்கள் முதலில் பாதி கரைந்துவிட்டது. ஏறினாலும் இதே வேகத்தில் ஏறும். கடன் கொடுப்பவர் கைமுதல் கேட்பதற்குக் காரணமும் இதுதான்: விலை விழுந்தால் முதல் அடியை உங்கள் பங்கு தாங்கும், அவர் பணம் அதற்குப் பின்னால் பத்திரமாக நிற்கும். கைமுதல் கூடக் கூட அவருக்கு ஆபத்து குறைகிறது. அதனால் வட்டியும் குறைய வாய்ப்புண்டு.

சேர்ப்பவரைச் சோர வைப்பது இன்னொரு கணக்கு. வீட்டு விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்று 100 ஆக இருப்பது 5 ஆண்டுகளில் ஏறக்குறைய 128 ஆகிவிடும். 20 என்று குறிவைத்துச் சேர்த்தவருக்கு அப்போது 25.5 தேவைப்படும். தொகையைக் குறிவைக்காமல் விகிதத்தைக் குறிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைத் திருத்திக்கொண்டால் கடைசி நேர ஏமாற்றம் இருக்காது. பதிவுச் செலவு, வரி, வழக்கறிஞர் கட்டணம், சாமான் ஏற்றிச் செல்லும் செலவு எதுவும் கைமுதலில் சேராது. அவற்றுக்குத் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

விலை ஓடுகிறதே என்று பதறி, இரண்டு மூன்று வருடத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டுப் பெருக்கலாம் என்று தோன்றும். "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்" என்ற குறளில் வரும் 'முதல்' நம் கைமுதல்தான். வரப்போகும் லாபத்தை எண்ணிக் கையில் உள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையவர் இறங்க மாட்டார் என்கிறது அது. இப்படிக் குறுகிய காலத்தில் எடுக்க வேண்டிய பணத்துக்கு நிலை வைப்பு போன்ற அமைதியான இடமே நல்லது. கைமுதலை வைப்பில் வைப்பது என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். பெரியப்பாவுக்கும் தம்பிக்கும் இடையே வந்த குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். டெபாசிட்டை டெபாசிட்டில் வைப்பது என்றால் யாருக்கு விளங்கும்?

கைமாற்று என்ற சொல்லையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிலும் கை இருக்கிறது, ஆனால் அது நண்பரிடமோ உறவினரிடமோ வாங்கிக் குறுகிய காலத்தில் திருப்பும் பணம். கைமாற்று வாங்கிக் கைமுதல் என்று காட்டினால் உண்மையில் நீங்கள் இரண்டு கடன் வாங்கியிருக்கிறீர்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கடன் கொடுப்பவர்கள் கேட்பது இதற்காகத்தான். பெற்றோர் திரும்பக் கேட்காமல் கொடுத்தது கைமுதலில் சேரும். கொடுத்ததைப் பின்னால் வாங்கிக்கொள்வதாகப் பேச்சிருந்தால் சேராது.

எழுதும்போது வினைச்சொல்லும் உதவிக்கு வரும். வங்கியில் வைப்பு வைக்கிறோம். வாடகைக்குப் பிணைத்தொகை கட்டுகிறோம். பேச்சு முடிந்ததும் அச்சாரம் கொடுக்கிறோம். வீட்டுக்குக் கைமுதல் போடுகிறோம். "வீடு வாங்கக் கைமுதல் சேர்த்துக்கிட்டு இருக்கேன்" என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தால், பெரியப்பா வட்டியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டிருப்பார்.