நடுக்கடல் காற்றை நுரை சொல்லும்

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயலுக்குத் தென்னந்தோப்பைப் பறிகொடுத்தவர். "தம்பி, கரைக்கு வரும் முன்னாடியே காற்று நூறு கிலோமீட்டர் வேகம்னு ரேடியோவில் சொன்னாங்க. நடுக்கடலில் யார் போய் அளந்தது?" என்று கேட்கிறார்.

யாரும் போகவில்லை, ஐயா. அமெரிக்காவில் புயலுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிப்போய் அளக்கிறார்கள். நம்மிடம் அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் கிடையாது. வங்கக்கடலில் காற்றை அளக்கும் மிதவைகள் உண்டு, ஆனால் புயல் மிதவையைத் தேடிப் போவதில்லை. ஆகவே மேலிருந்துதான் பார்க்க வேண்டும்.

மேகத்தின் சுருளைப் பார்த்து வேகத்தைக் கணிப்பது ஒரு வழி. 1970களில் அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னான் டிவோராக் வகுத்த அந்த முறையைத்தான் வானிலை மையங்கள் இன்றும் பெரிதும் நம்புகின்றன. ஆனால் அது கூரையைப் பார்த்து வீட்டுக்குள் நடப்பதைச் சொல்வது போல. இன்னொரு வழி, கடல் மேல் ரேடார் அலையை அனுப்பி, காற்று எழுப்பும் சிற்றலைகள் எவ்வளவு திருப்பி அனுப்புகின்றன என்று பார்ப்பது. நம் செயற்கைக்கோள்களான ஓஷன்சாட்-2, 2016இல் ஏவிய ஸ்காட்சாட்-1 இரண்டும் இதைச் செய்தன. காற்றின் திசையும் இதில் கிடைக்கும். ஆனால் கொட்டும் மழை குறுக்கே வந்தால் கணக்கு தடுமாறும். காற்று மிகக் கடுமையானால் சிற்றலைகளும் ஒரு அளவுக்கு மேல் வேறுபாடு காட்டாது. அதாவது, நமக்கு எது முக்கியமோ அந்த இடத்தில்தான் சிக்கல்.

சரி, நுரைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப மைக்ரோவேவ் கதிரை வெளியிடுகிறது. ஆனால் அமைதியான கடல் இதில் கருமி. 21 செ.மீ. அலைநீளத்தில் அது வெளியிட வேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் வெளியிடும். மற்றபடி அது ஒரு கண்ணாடி, மேலே உள்ள குளிர்ந்த வானத்தைத்தான் திருப்பிக் காட்டும். அதனால் 28 டிகிரி வெதுவெதுப்பில் கிடக்கும் வங்கக்கடல், செயற்கைக்கோளில் இந்தக் கதிரை அளக்கும் கருவியான ரேடியோமீட்டருக்கு மைனஸ் 170 டிகிரி அளவில் உறைந்து கிடப்பது போலத் தெரியும்.

காற்று மணிக்கு பதினைந்து கிலோமீட்டரைத் தொட்டால் அலைகளின் தலை அங்கங்கே வெளுக்கத் தொடங்கும். புயல் வேகத்தில் கடலே நுரைப் பாயாகிவிடும். நம் கண்ணுக்கு நுரை வெள்ளை. மைக்ரோவேவுக்கு அது கிட்டத்தட்டக் கறுப்பு. வருவதை விழுங்கிக்கொள்ளும். நன்றாக விழுங்கும் பொருள் நன்றாக வெளியிடவும் செய்யும் என்பது பள்ளியில் படித்ததுதான். அதனால் நுரை மூடிய கடல், கருவிக்குச் சூடாகத் தெரியும்.

ஏன் விழுங்குகிறது? முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டை நினைத்துப் பாருங்கள். செங்குத்தான தடுப்புச் சுவரில் மோதும் அலை அப்படியே திரும்பி வரும். அலையாத்திக்காட்டுக்குள் நுழையும் அலை வேர்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும், திரும்பி வராது. மைக்ரோவேவுக்கு வெறும் நீர்ப்பரப்பு ஒரு சுவர். காற்றும் நீரும் கலந்த நுரையோ மேலே ஏறக்குறைய காற்று, கீழே போகப் போக நீர். திடீரென்று முட்டிக்கொள்ள ஒரு எல்லையே இல்லை. அலை உள்ளே போய் அடங்கிவிடுகிறது. குமிழிகள் அந்த அலைநீளத்தை விட மிகச் சிறியவை என்பதால் சிதறடிக்கவும் மாட்டா. வெளிச்சத்தை அவை சிதறடிப்பதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

21 செ.மீ. அலைக்கு இன்னும் இரண்டு நல்ல குணங்கள் உண்டு. சில மில்லிமீட்டர் மழைத்துளி அதைப் பெரிதாகத் தடுக்காது. மெல்லிய நுரையை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, சென்டிமீட்டர் கணக்கில் தடித்த நுரைக்குத்தான் நன்றாக அசையும். காற்று கூடக் கூட நுரை பரவுவதோடு தடிக்கவும் செய்கிறது. ஆகவே கடும்புயலிலும் கருவியின் அளவு ஏறிக்கொண்டே போகிறது, நின்றுவிடுவதில்லை.

இதில் என்னைச் சிலிர்க்க வைப்பது, 21 செ.மீ. அலையில் இதை விண்ணிலிருந்து காட்டிய கருவி புயலுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. 2009இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய ஸ்மோஸ் செயற்கைக்கோள், இந்த அலையைக் கொண்டு மண்ணின் ஈரத்தையும் கடலின் உப்பையும் அளக்கப் போனது. நம் ஊர் வழக்கில் சொன்னால் தஞ்சாவூர் வயலுக்கும் வேதாரண்யம் உப்பளத்துக்குமான கருவி. உப்பை அளக்கும்போது காற்று ஒரு தொந்தரவு, கழித்துவிட வேண்டிய பிழை. 2010இல் அட்லாண்டிக்கில் வீசிய இகோர் புயலின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அந்தப் பிழையையே அளவுகோலாக்கினார்கள். 2015இல் நாசா ஏவிய ஸ்மேப்பும் மண் ஈரத்துக்காகப் போனதுதான், அதுவும் இன்று புயல் காற்றைச் சொல்கிறது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுகிறவர்களுக்கு இதை விட நல்ல பதில் எனக்குத் தெரியாது. 1979இலேயே பாஸ்கரா-1 செயற்கைக்கோளில் மைக்ரோவேவ் ரேடியோமீட்டரை வைத்து அனுப்பிய நாடு நம்முடையது. வங்கக்கடலுக்கென்று ஒரு 21 செ.மீ. கருவியைச் செய்ய நமக்கு ஆள் இல்லாமல் இல்லை.

குறைகளும் உண்டு. கருவி ஒரே பார்வையில் பார்ப்பது சுமார் 40 கி.மீ. அகலம், அதனால் புயல்கண்ணைச் சுற்றிய கூர்மையான உச்சம் மழுங்கிவிடும். ஸ்மோஸ், ஸ்மேப் இரண்டுமே காலை 6, மாலை 6 மணி வாக்கில்தான் ஓர் இடத்தைக் கடக்கும், அதுவும் தினமும் அல்ல. கஜா கரையேறியதோ நள்ளிரவு தாண்டி. அப்புறம், பார்வைக்குள் நிலம் கொஞ்சம் பட்டாலும் கடலின் அளவு கெட்டுப்போகும், மைக்ரோவேவில் நிலம் அவ்வளவு பிரகாசம். கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான நீரில் இந்த முறை எடுபடாது. அங்கே காரைக்கால் ரேடாரும் கரையோரக் காற்றுமானிகளும்தான் கைகொடுக்க வேண்டும்.

உங்கள் தோப்பின் மேல் அடித்த காற்றை எந்த நுரையும் சொல்லாது, ஐயா, நிலத்தில் நுரை இல்லையே. ஆனால் மரம் சாய்ந்த திசை, அந்த நேரத்தில் காற்று எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். எந்தப் பக்கம் விழுந்தன, கண் கடந்த பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்தவை உண்டா என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.