டி.சி. கேட்டு வந்த அப்பா: கல்லூரி விதிகளை நாள் கணக்கில் சொல்லுங்கள்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் தேர்வுப் பிரிவு ஜன்னலுக்கு வந்தார். "மேடம், பையனை நிறுத்திட்டீங்களாமா. டி.சி. குடுத்தீங்கன்னா பட்டறையிலயே சேத்துக்குவேனுங்க" என்றார். சண்டை போட வந்தவர் மாதிரி தெரியவில்லை. வீட்டில் எல்லாரும் பேசி முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். முழுக்க ஆங்கிலம். முதல் பத்தியில் விதி எண். இரண்டாவதில் அதன் உட்பிரிவு, மூச்சு விடாமல் போகும் ஒரே வாக்கியமாக. கடைசியில் தடித்த எழுத்தில் 'அனுமதி இல்லை' என்ற பொருளில் ஒரு வரி. எதற்கு அனுமதி இல்லை என்பது அந்த நீண்ட வாக்கியத்தின் நடுவில் கிடந்தது. வருகை நாள் குறைந்ததால் நவம்பர் தேர்வை எழுத முடியாது, அவ்வளவுதான். அடுத்த செமஸ்டருக்குப் பையன் போகலாம். விட்ட பேப்பர்களை ஏப்ரலில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அவன் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, "என்னை டீட்டெயின் பண்ணிட்டாங்கப்பா" என்று சொல்லியிருக்கிறான்.

நான் 17 வருடமாகச் சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். அரியர் வைத்ததற்காக மனமுடைந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பேசித் தேற்றிவிடலாம். விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, யாரிடமும் கேட்காமல் அமைதியாக நின்றுவிடுகிறவர்களைத்தான் தடுக்க முடிவதில்லை. அவர்கள் ஜன்னலுக்கே வருவதில்லை. இந்த அப்பா வந்தார், அதனால் அந்தப் பையன் தப்பித்தான்.

அவனுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. பக்கத்து வீட்டு நண்பன் இன்ஜினியரிங் படிக்கிறான். "65-க்குக் கீழே போயிட்டா அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும்டா" என்று அவன் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது பொய்யில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் விதி அப்படித்தான். 75 சதவீத வருகை வேண்டும், 65 முதல் 75 வரை உடல்நலம் போன்ற காரணம் காட்டி கன்டோனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வு எழுத விடும் அனுமதி, வாங்கலாம், 65-க்குக் கீழே போனால் தேர்வும் இல்லை, அடுத்த செமஸ்டரும் இல்லை. தமிழ்நாட்டின் பல கலை அறிவியல் கல்லூரிகளில் இடையில் இன்னொரு படி இருக்கிறது. 50-க்கு மேல் 65-க்குள் இருந்தால் தேர்வு மட்டும் தள்ளிப்போகும், படிப்பு நகரும். 50-க்குக் கீழே போனால்தான் திரும்பப் படிக்க வேண்டும். 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள், சொந்த விதி வைத்துக்கொண்ட தன்னாட்சிக் கல்லூரிகள், அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் என மூன்று வகைப் பிள்ளைகளும் ஒரே பஸ் ஸ்டாண்டில் நின்று பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் விதியை இன்னொருவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

மார்க்கிலும் இதே கதைதான். எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் இளங்கலைக்கு 40 மார்க் வாங்கினால் பாஸ். ஆனால் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75 என்று பிரித்திருந்தால், அந்த 75-ல் தனியாக 30 எடுத்திருக்க வேண்டும். இன்டர்னலில் 22, தேர்வில் 27 எடுத்தவருக்கு மொத்தம் 49. பெயில். "நாப்பது எடுத்தா பாஸுன்னாங்க, நாப்பத்தொம்பது எடுத்தும் பெயிலா?" என்று ஒரு அம்மா கேட்டார். கேள்வியில் தவறே இல்லை. இன்ஜினியரிங்கில் மொத்தம் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே படித்தால் அந்த வீட்டில் மார்க் ஷீட்டை யார் படித்துப் புரிந்துகொள்வது?

அந்த அப்பா போன மறுநாள் துறைத்தலைவர்களிடமும் முதல்வரிடமும் பேசினேன். விதியை மாற்றும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, அது கல்விக் குழுவில் வைத்து நிறைவேற்ற வேண்டிய விஷயம். ஆனால் விதியைச் சொல்லும் விதத்தை மாற்ற யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. இப்போது அதே நிலையில் இருக்கும் மாணவருக்குப் போகும் கடிதம் இப்படித் தொடங்குகிறது:

"உங்கள் வருகை 90 நாளில் 57 நாள். அதனால் இந்த நவம்பர் தேர்வை நீங்கள் எழுத முடியாது. நீங்கள் கல்லூரியிலிருந்து நீக்கப்படவில்லை. டிசம்பரில் அடுத்த செமஸ்டர் வகுப்புக்கு வாருங்கள். விட்ட தேர்வுகளை ஏப்ரலில் எழுதலாம். சந்தேகம் இருந்தால் தேர்வுப் பிரிவில் இரண்டாவது ஜன்னலுக்கு வந்து கேளுங்கள்."

விதி எண் அதே தாளில் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. ஆடிட்டருக்கு அது வேண்டும், மாணவருக்கு முதல் ஐந்து வரி வேண்டும்.

57 என்ற எண்ணைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சதவீதம் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், 75 சதவீதம் என்பது 68 நாள். அதாவது, எந்தக் காரணத்துக்காகவும் 22 நாளுக்கு மேல் லீவ் போடக்கூடாது. 65 சதவீதம் என்பது 59 நாள். அந்தப் பையனுக்கு இருந்தது 57. இரண்டே நாள் கூட இருந்திருந்தால் கன்டோனேஷன் வாங்கித் தேர்வு எழுதியிருப்பான். அவன் கல்லூரி அணிக்காகக் கபடி விளையாடப் போன நாள் சரியாக இரண்டு! கல்லூரி வேலையாகப் போன நாளை வருகையில் சேர்க்கக் கேட்கும் ஓ.டி. படிவத்தை ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வந்தபோது கெடு முடிந்திருந்தது. ஏப்ரலில் பத்துப் பேப்பரையும் ஒன்றாக எழுதினான். அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அரை நாள் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுவது அதுதான். முதல் பீரியடுக்கு வராவிட்டால் எங்கள் கல்லூரியில் காலை அரை நாள் போய்விடும். ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் மாணவி ஒருத்தி. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவேண்டும். பனி மூடினாலோ, முன்னால் ஒரு லாரி திணறினாலோ முதல் பீரியட் போச்சு. வாரத்துக்கு இரண்டு நாள் அப்படி ஆனால், பதினாறு வாரத்தில் 32 அரை நாள். ஜனவரியில் காபிப் பழம் பறிக்கும் நேரத்தில் அம்மாவோடு எஸ்டேட்டுக்குப் போனதும் காய்ச்சலில் படுத்ததும் சேர்த்து அவள் போட்ட லீவ் ஏழே நாள், அதாவது 14 அரை நாள். மொத்தம் 46. அந்த செமஸ்டரின் 180 அரை நாளில் 45 வரைதான் போகலாம். 74.4 சதவீதம் என்று பட்டியலில் அவள் பெயர் வந்தபோது, "மேம், நான் ஏழு நாள்தான் லீவ் போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உண்மைதான். அவள் நோட்டில் ஏழு நாளையும் தேதியோடு எழுதி வைத்திருந்தாள். தாமதமான காலைகளை எழுதி வைக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வகுப்புப் பலகையில் சதவீதத்துக்குப் பதில் 'இன்னும் எத்தனை அரை நாள் மிச்சம்' என்று ஒட்டுகிறோம். ஏ.டி.எம்.மில் பேலன்ஸ் பார்ப்பது மாதிரி பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள்.

எளிமையாக எழுதுவதில் நாங்களும் ஒரு பெரிய தப்பு செய்தோம். முதலில் போட்ட தாளில் "75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தேர்வு எழுத முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். படிக்கச் சுலபம். ஆனால் கன்டோனேஷன் பற்றிய வரியை இடம் போதவில்லை என்று எடுத்திருந்தேன். 70 சதவீதம் வைத்திருந்த இரண்டு பேர் அந்தத் தாளை நம்பி விண்ணப்பமே போடவில்லை. கடைசித் தேதி தாண்டிய பிறகுதான் தெரிந்தது. முதல்வரிடம் போய்த் தவறு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்து அவர்களைத் தேர்வு எழுத வைத்தோம். விதியைச் சுருக்கும்போது மாணவருக்குச் சாதகமாக இருக்கும் விலக்குத்தான் முதலில் காணாமல் போகிறது. சுருக்கி எழுதும் யாரும் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சொல். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இங்கே சில ஐ.ஐ.டி.களிலும் 'அகாடமிக் புரொபேஷன்' என்று ஒரு நிலை உண்டு. தெரிந்த குடும்பம் ஒன்றில் மகள் அமெரிக்காவில் பி.எஸ். படிக்கிறாள். அவளுக்கு அப்படி ஒரு மெயில் வந்ததும் வீடே கலங்கிவிட்டது. நம்மூரில் அரசு வேலைக்காரர்களுக்குப் புரொபேஷன் என்றால் தகுதிகாண் பருவம். மற்றவர்களுக்கு அந்தச் சொல் கோர்ட்டையும் நன்னடத்தை அலுவலரையும் நினைவூட்டும். பெண் ஏதோ குற்றத்தில் மாட்டிக்கொண்டாள் என்றே பாட்டி நினைத்துவிட்டார். விஷயம் இதுதான்: அங்கே பெரும்பாலும் இளங்கலையில் 4-க்கு 2 ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) வேண்டும், முதுகலையில் பல இடங்களில் 3. அதற்குக் கீழே போனால் ஒரு செமஸ்டர் அவகாசம் கொடுத்து, ஏற்றிக்காட்டு என்று சொல்லும் எச்சரிக்கை அது. அதனால் மட்டும் விசா போய்விடாது. ஆனால் பயத்தில் ஒரு காரியம் செய்யாமல் இருக்க வேண்டும். ஜி.பி.ஏ.வை ஏற்றலாம் என்று பாடங்களை டிராப் செய்கிறார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட் (பாடச் சுமையைக் கணக்கிடும் அளவு) எடுத்தே ஆக வேண்டும். சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் அப்போதுதான் விசா நிலை பாதிக்கும். அந்தப் பெண்ணும் இரண்டு பாடத்தை விட இருந்தாள். முதலில் அந்த அலுவலகத்துக்குப் போ என்று சொன்னேன்.

நம் பிள்ளைகளுக்கு வருவோம். நீங்கள் சேர்ந்த வருடத்தின் விதிதான் பொதுவாக உங்களுக்குப் பொருந்தும். சீனியர் சொல்வதும் ஜூனியர் சொல்வதும் அவரவர் பேட்ச் விதி. கடிதம் வந்த அன்றே டி.சி.க்கு எழுதிக் கொடுக்காதீர்கள். படிப்பு நின்றால், அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாயும் நின்றுவிடும். கல்லூரி முடிவு நியாயமில்லை என்று பட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2023-ம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். எழுத்தில் கொடுங்கள். 15 வேலை நாளுக்குள் குழு தன் அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை. அதிலும் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தபாலில் அனுப்பினாலும் நேரில் கொடுத்தாலும் தேதி போட்ட நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதித்தாள் எழுதியதும் வெளியாள் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் தாளை ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணாவிடம் கொடுத்தேன். அவர் எட்டாவது வரை படித்தவர். 'மேற்படி' என்ற இடத்தில் நின்றார். 'உரிய அலுவலர்' என்ற இடத்தில், "அது யாருங்க?" என்றார். எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது. அவர் நின்ற இடத்திலெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டு வந்து மாற்றினோம். 'உரிய அலுவலர்' இப்போது 'இரண்டாவது ஜன்னல்' ஆகிவிட்டார்.

ஒன்று மட்டும் கடிதத்தால் தீரவில்லை. எவ்வளவு தெளிவாக எழுதினாலும், மலைக்கிராமத்துக்குத் தபால் போய்ச் சேருவதற்குள் கன்டோனேஷன் கடைசித் தேதி வந்துவிடுகிறது. அதனால் 75-க்குக் கீழே வருகிற பிள்ளைகளின் வீடுகளுக்கு நாங்களே போன் செய்கிறோம். அந்த 74.4 மாணவியின் வீட்டுக்கு முதல் நாள் பகலில் மூன்று முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. மாலை எடுத்த அம்மா, "எஸ்டேட்ல டவர் கெடைக்காதுங்க மேடம், இப்பத்தான் வந்தேன்" என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்து மகளோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஏற்காட்டுப் பட்டியலை இப்போது மாலை ஆறரைக்கு மேல்தான் கூப்பிடுகிறோம்.