லாபம் கூடுச்சு, ஷேர் எறங்குச்சு: காலை 9 மணிக்கு என்னதான் நடக்குது?

குமுளியில மளிகைக்கடை வச்சிருக்கற ஒரு அண்ணன் போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "தம்பி, நான் வச்சிருக்கற கம்பெனிக்கு லாபம் 20 சதவீதம் கூடிருக்குன்னு நேத்து சாயங்காலம் நியூஸ்ல சொன்னாங்க, இன்னிக்கு காலையில பாத்தா ஷேர் 6 சதவீதம் எறங்கித்தான் தொறக்குது. மார்க்கெட் 9.15-க்குத்தானே, அதுக்குள்ள யாருப்பா எறக்குனா?" ரிசல்ட், அதாவது கம்பெனிங்க மூணு மாசத்துக்கு ஒருதடவை சொல்ற லாப நஷ்டக் கணக்கு, வர்ற வாரம்னா இந்தக் கேள்வி யார்கிட்டருந்தாவது வந்துரும், ஆனா "யாரு எறக்குனா"ன்னு கேட்டது இவர்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுக்குள்ளதான் இருக்கு.

முதல்ல ஏன் எறங்குச்சுன்னு சட்டுனு பாத்துருவோம். ஏலக்காய் யாவாரம் தெரிஞ்ச ஊருக்கு இதை விளக்கணும்னு இல்ல. மலையில மழை நல்லா பிடிச்சிருக்குன்னு தெரிஞ்ச உடனே, காய் பறிக்கறதுக்கு முன்னாடியே விலை அசைய ஆரம்பிச்சுரும்ல? ஷேரும் அப்படித்தான், லாபம் 25 சதவீதம் கூடும்னு எல்லாரும் எதிர்பாத்து ஏற்கனவே அந்த விலைக்கு வாங்கி வச்சிருக்கான், வந்தது 20. அப்போ அது நல்ல செய்தி இல்ல, குறைஞ்ச செய்தி. சில நேரம் லாபத்தை விட்டுட்டு வேற எதையோ பாத்து பயப்படுவாங்க. 2024 ஜனவரி 16 சாயங்காலம் ஹெச்டிஎஃப்சி பேங்க் ரிசல்ட் வந்துச்சு, லாபம் 16,000 கோடிக்கு மேல, மறுநாள் ஷேர் 8 சதவீதத்துக்கும் மேல விழுந்துச்சு. வட்டி மார்ஜின், அதாவது கடன்ல வாங்குற வட்டிக்கும் டெபாசிட்டுக்குக் குடுக்கற வட்டிக்கும் உள்ள இடைவெளி, தேறலையே, டெபாசிட் வேகமா வளரலையேன்னுதான் கவலை. அதோட 2023 ஜூலையில ஹெச்டிஎஃப்சிங்கற வீட்டுக்கடன் கம்பெனி வந்து அந்த பேங்க்ல இணைஞ்சதால முந்தின வருஷ லாபத்தோட நேரா ஒப்பிடவும் முடியாது, தலைப்புல இருக்கற சதவீதத்தை மட்டும் பாத்தா ஏமாந்துருவோம்.

இப்போ யாரு எறக்குனாங்கற கேள்வி. என்எஸ்இ, பிஎஸ்இங்கற நம்ம ரெண்டு பெரிய ஷேர் மார்க்கெட்லயும் 9 மணிலருந்து 9.15 வரைக்கும் ப்ரீ ஓபன்னு ஒண்ணு இருக்கு, 2010 அக்டோபர்ல கொண்டு வந்தாங்க. முதல் ஏழெட்டு நிமிஷம் ஆர்டர் மட்டும்தான் போடலாம், மாத்தலாம், கேன்சல் பண்ணலாம், ஒரு ஷேர்கூட கை மாறாது. எல்லா ஆர்டரையும் ஒரே கூடையில கொட்டி வச்ச மாதிரி.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், எண்ணெல்லாம் நானே வச்சுக்கிட்டதுதான். நேத்து முடிஞ்ச விலை 500. வாங்க வந்தவங்கள்ல 480 வரைக்கும் குடுக்க தயாரா இருக்கறவங்க 100 ஷேர் கேக்கறாங்க, 475-க்கு 200, 470-க்கு 300, 465-க்கு 400. விக்க வந்தவங்கள்ல பயந்துபோய் 460 கெடச்சாலே போதும்னு இருக்கறவங்ககிட்ட 150 ஷேர், 465-க்கு 200, 470-க்கு 200, 475 வந்தாத்தான் தருவேங்கறவங்ககிட்ட 500. இப்போ கம்ப்யூட்டர் ஒவ்வொரு விலையா எடுத்து, இந்த விலைன்னா எத்தனை ஷேர் கை மாறும்னு எண்ணிப் பாக்கும். 475-ன்னா வாங்க 300 ஷேருக்குத்தான் கேள்வி இருக்கு, விக்க 1050 நிக்குது, அதனால 300 மாறும். 465-ன்னா வாங்க 1000, விக்க 350 தான், மாறுறது 350. 470-ன்னா வாங்க 600, விக்க 550, அப்போ 550 மாறும். எந்த விலைல அதிகமா கை மாறுதோ அதுதான் தொறக்குற விலை. 470, அண்ணன் பாத்த அதே 6 சதவீதம்.

இதுக்கு அடுத்தது நடக்கறதைத்தான் நான் எத்தனை தடவை யோசிச்சாலும் சந்தோஷமா இருக்கும். அந்த 550 ஷேரும் ஒரே விலை, 470-க்குத்தான் கை மாறும். 480 குடுக்கறேன்னவன் 470 தான் குடுக்கறான். பயந்து 460-க்கு தர்றேன்னவனுக்கும் 470 கெடைக்குது! போடி, புற்றடி ஏலக்காய் ஏலத்துல ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு விலை, கேக்க கேக்க ஏறும், அங்க காயோட தரம் லாட்டுக்கு லாட்டு மாறுறதால அது சரி. ஷேர்ல ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமே கெடையாது, அதனால எல்லாத்துக்கும் ஒரே விலை போட முடியுது. இந்த ஏற்பாடு இல்லாம நேரா 9.15-க்கு கதவைத் தொறந்தா, அந்த 460 ஆர்டரை எவன் கம்ப்யூட்டர் வேகமோ அவன் அள்ளிட்டுப் போயிருவான், பயந்த சின்ன ஆளுக்கு பத்து ரூபா போச்சு. இங்க முந்தி ஓடுறவனுக்கு விலையில லாபம் இல்ல. மிச்சம் நிக்கற ஆர்டர் 9.15-க்கு சாதாரண மார்க்கெட்டுக்கு அப்படியே போயிரும்.

இன்னொரு நுணுக்கம். ஆர்டர் வாங்கறதை சரியா 9.08-க்கு நிறுத்த மாட்டாங்க, 9.07-க்கும் 9.08-க்கும் நடுவுல ஏதோ ஒரு நொடியில நிறுத்துவாங்க, எந்த நொடின்னு யாருக்கும் தெரியாது. பெரிய ஆர்டரைப் போட்டு விலையை ஏத்திக் காட்டிட்டு கடைசி நொடியில கேன்சல் பண்ணி ஓடுறவனுக்கு அது செக்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் திங்கக்கெழம 7.30-லருந்து 9 ராகுகாலம், அது முடிஞ்சதும் ப்ரீ ஓபன் வருது, அதனால திங்கக்கெழமதான் வாங்குவார். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா மேல போட்ட கணக்குல கெழமைக்கு இடமே இல்லையே, வாங்குறவன் விக்கறவன் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கு. நல்ல நேரத்தை நம்பி எஃப் அண்ட் ஓவுல, அதாவது விலை இனி ஏறுமா எறங்குமான்னு ஒப்பந்தம் போடற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ல, பணம் போடறவங்களைப் பாத்தா வயிறு எரியுது. 2021-22-லருந்து மூணு வருஷத்துல அதுல எறங்குன தனி ஆளுங்க 100 பேர்ல 93 பேர் நஷ்டம்னு ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபியே 2024-ல கணக்கு சொல்லுச்சு.

ஷேர் விலை எப்படி அசையுதுங்கற கணக்குக்கு அடி போட்டவங்கள்ல ஒருத்தர் லூயி பாஷ்லியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். 1900-ல பாரிஸ் மார்க்கெட்டைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை குடுத்தார், தண்ணியில மிதக்கற துகள் இஷ்டத்துக்கு ஆடுற பிரவுனியன் அசைவைப் பத்தி ஐன்ஸ்டீன் எழுதுறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே அதே மாதிரி கணக்கு. அதோட அருமை உலகத்துக்குப் புரிய அம்பது வருஷம் ஆச்சு. இதுனால என்ன உபயோகம்னு கேட்டு கணக்கு ஆராய்ச்சிக்கு காசைக் குறைக்கறது தப்புன்னு நான் சண்டை போடறதே இதனாலதான்.

அண்ணே, அடுத்த தடவை ரிசல்ட் வந்த மறுநாள் காலையில 9 மணிக்கு போன்ல ப்ரீ ஓபன் பக்கத்தைத் தொறந்து வச்சுக்கங்க. நொடிக்கு நொடி மாறுற உத்தேச விலையும், அதுல எத்தனை ஷேர் மாறும்ங்கறதும் தெரியும். அந்த எண்ணிக்கை கம்மியா இருக்கும்போது விலையை ரொம்ப நம்பாதீங்க, நாலு ஆர்டர் வந்தா மாறிரும். விக்கணும்னு முடிவு பண்ணிட்டா உங்களுக்குக் கட்டுபடியாகற கடைசி விலையை லிமிட்டா போடுங்க, அதைவிட மேல தொறந்தா அந்த மேல் விலையிலதான் விக்கும்.